தேய்மானமும் மீட்புத் துல்லியமும்: குமாரபாளையம் வட்டாரத்தில் சிறு எஞ்சின் உருளைச் சீரமைப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தேய்ந்துபோன சிறு எஞ்சின் உருளைகளைக் கடைந்து மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் தொழில் தமிழகத் தொழில்நுட்ப வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் காவிரியின் கீழ்க்கரையில் அமைந்த குமாரபாளையத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை அத்தொழிலின் பின்புலத்தை ஆராய்கிறது. கிணற்றுப் பாசன எஞ்சின், விசைத்தறி, இருசக்கர வாகனம் ஆகிய மூன்று இயந்திர மரபுகள் இத்தொழிலுக்கு வழிவகுத்தன. வீட்டோடு இணைந்த கடைசல் பட்டறை செய்த வேலையைத் தற்காலிக ஒப்பேற்றலாகக் காணும் பார்வையை இக்கட்டுரை மறுக்கிறது. மிகையளவு பிஸ்டன் என்னும் தரப்படுத்தப்பட்ட ஏற்பாட்டின் வழியாகத் துல்லிய உற்பத்தியின் இறுதிக் கட்டம் ஆலையிலிருந்து சிறுநகரத்துக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது என்றும், அண்மைக்கால எஞ்சின் வடிவமைப்பு அந்த ஏற்பாட்டைத் திரும்பப் பெற்றுவருகிறது என்றும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குமாரபாளையம், கடைசல் பட்டறை, உருளைத் துளைப்பு, மிகையளவு பிஸ்டன், எண்ணெய் எஞ்சின், விசைத்தறி, பழுதுநீக்கும் உரிமை

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலம் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. ஒரு கருவி எங்கே, யாரால், எந்த ஆண்டில் உருவாக்கப்பட்டது என்பது முதன்மை பெற்றது. அக்கருவி எத்தனை ஆண்டுகள் உழைத்தது, பழுதானபோது அதை யார் மீட்டார்கள் என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது. டேவிட் எட்ஜர்டன் 2006-இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்னும் நூல் பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையமாக வைத்து இந்நோக்கை மாற்ற முயன்றது. டேவிட் அர்னால்டின் 'எவ்ரிடே டெக்னாலஜி' (2013) மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகிய அன்றாடக் கருவிகள் இந்திய வாழ்வில் வேரூன்றிய விதத்தை ஆராய்ந்தது. இவ்விரு நூல்களும் திறந்த வழியில் தமிழகத்தின் சிறு எஞ்சினையும் அதைச் சீரமைத்த பட்டறையையும் வைத்துப் பார்க்க இடமுண்டு.

குமாரபாளையம் இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த நகராட்சி. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும் வரை இது சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆற்றின் மறுகரையில் ஈரோடு மாவட்டத்தின் பவானி உள்ளது. நெசவே இந்நகரின் முதன்மைத் தொழில். தறிச்சத்தம் கேட்கும் தெருக்களிடையே ஒரு கடைசல் இயந்திரமும் ஒரு துளையிடும் இயந்திரமும் ஒரு சாணைக்கல்லும் கொண்ட சிறு பட்டறைகள் இயங்குவது இத்தகைய நகரங்களின் இயல்பு. மக்கள் வழக்கில் இவை 'லேத் பட்டறை' எனப்படுகின்றன. வீட்டின் முன்பகுதியிலோ பக்கவாட்டுக் கொட்டகையிலோ அமைந்த இப்பட்டறைகளில் நடைபெறும் பல வேலைகளுள் உருளைச் சீரமைப்பு ஒன்று. அந்த ஒரு வேலையைப் பின்தொடர்ந்து சென்றால் ஒரு நூற்றாண்டுத் தொழில்மயத்தின் மறுபக்கத்தைக் காண இயலும்.

1. உருளைத் துளையும் எஞ்சினின் தோற்றமும்

எஞ்சினின் வரலாறு துளைத்தலின் வரலாற்றோடு பிணைந்தது. ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினின் கருத்தை வடித்த பின்னரும் அதைப் பல ஆண்டுகள் நடைமுறைப்படுத்த இயலவில்லை. பிஸ்டன் நீராவியைக் கசியவிடாமல் இயங்கும் அளவுக்கு வட்டமும் நேர்மையும் கொண்ட உருளையை அக்காலப் பட்டறைகளால் கடைய முடியாததே முதன்மைத் தடையாக இருந்தது. அன்றைய துளைப்புக் கருவியின் தலை, வார்ப்பில் ஏற்கெனவே இருந்த துளையின் வழியே தடவிச் சென்றது. அதனால் வார்ப்பின் கோணல் துளைக்கும் தொற்றியது.

1775-இல் ஜான் வில்கின்சன் இதற்குத் தீர்வு கண்டார். உருளையின் இருபுறமும் தாங்கப்பட்ட உறுதியான தண்டு ஒன்றை அதன் ஊடே செலுத்தி, அத்தண்டில் வெட்டும் அலகைப் பொருத்தினார். அலகு வார்ப்பின் கோணலைப் பின்பற்றாமல் தண்டின் நேர்கோட்டையே பின்பற்றியது. மறு ஆண்டு வாட்டின் எஞ்சின்கள் வணிக அளவில் இயங்கத் தொடங்கின.

வில்கின்சன் கண்ட வழி இங்கு நினைவுகூரத்தக்கது. இரு முனைகளுக்கிடையே தாங்கப்பட்ட தண்டு, அசையாமல் பிணைக்கப்பட்ட உருளை, நிலையான ஆரத்தில் சுழலும் அலகு ஆகிய இம்மூன்றுமே பின்னர் சிறுநகரக் கடைசல் பட்டறையின் துளைப்பு முறைக்கும் அடிப்படையாயின.

2. கமலையிலிருந்து எண்ணெய் எஞ்சினுக்கு

சேலம், நாமக்கல் சமவெளி கடினப்பாறை நிலம். 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றுப் பின்னர்க் கரைக் கால்வாய்கள் அமைந்த பகுதிகளைத் தவிர, ஏனைய நிலங்கள் பெரும்பாலும் கிணற்றையே நம்பியிருந்தன. எருதுகளைப் பூட்டி இறைக்கும் கமலையே நெடுங்காலம் நீரிறைக்கும் வழியாக இருந்தது.

சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினையும் மைய விலக்கு இறைப்பியையும் பாசனத்துக்குப் பரிந்துரைத்தவர்களுள் ஆல்பிரட் சாட்டர்டன் குறிப்பிடத்தக்கவர். பொறியியல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்த இவர், இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் எஞ்சின் வழி நீரிறைப்பைச் சோதித்துப் பரப்ப முயன்றார். சேலத்தில் மேம்பட்ட கைத்தறிகளைக் கொண்ட அரசு நெசவுக்கூடம் ஒன்றையும் நடத்தினார். அரசு நேரடியாகத் தொழில் நடத்துவதை இந்தியச் செயலர் மார்லி 1910-இல் ஏற்க மறுத்ததால் அக்கூடம் மூடப்பட்டது. அரசு விலகிய இடத்தில் தனியார் முயற்சி வளர்ந்தது. இயந்திரம் வாங்கிய உழவர் அதன் பழுதுக்குத் தாமே வழிதேட வேண்டிய நிலையும் உடன் வந்தது.

1930-ஐ ஒட்டி இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரைச் சேர்ந்த லிஸ்டர் நிறுவனம் வெளியிட்ட மெதுவேக டீசல் எஞ்சின் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. அதன் 6 குதிரைத்திறன் ஒற்றை உருளை வகைக்கு 4.5 அங்குல விட்டமும் 5.5 அங்குல வீச்சும் உண்டு. கொள்ளளவு ஏறத்தாழ 1.4 லிட்டர். நிமிடத்துக்கு 650 சுற்று என்னும் குறைந்த வேகத்தில் இயங்கியதால் தேய்மானமும் மெதுவாகவே நேர்ந்தது. குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் பின்னர் இவ்வடிவத்தைப் பின்பற்றிப் பெருமளவில் எஞ்சின்களைச் செய்தன. 1946-இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் தொடங்கப்பட்டது. 1949-இல் சென்னையில் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம், தேயும் உறுப்பை உள்நாட்டிலேயே செய்து தருவதற்கு அடித்தளமிட்டது. 1957-இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதி உதிரிபாகம் அரிதானபோது இவ்வடித்தளத்தின் பயன் தெளிவாயிற்று.

இதற்கிடையில் மின்சாரமும் வந்தது. பைகாரா மின்திட்டம் 1932-இலும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-இலும் இயங்கத் தொடங்கின. 1957-இல் சென்னை மாநில மின்வாரியம் அமைந்தபின் ஊர்ப்புற மின்மயம் விரைவுற்றது. மின்கம்பி எட்டிய கிணறுகளில் மின் மோட்டார் எஞ்சினின் இடத்தைப் பிடித்தது. ஆயினும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கைகளின் திறன் மறையவில்லை. அது வேறு வாகனங்களை நோக்கி நகர்ந்தது.

3. தறிநகரமும் கடைசல் பட்டறையும்

குமாரபாளையத்தில் கடைசல் பட்டறை நிலைபெற எஞ்சின் மட்டும் காரணமன்று. விசைத்தறியே அதற்கு நாள்தோறும் வேலை கொடுத்தது. 1954-இல் அறிக்கை அளித்த கானுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையைச் சுற்றி எழுந்த விவாதங்கள் எவ்வாறாயினும், அடுத்து வந்த பத்தாண்டுகளில் கொங்குப் பகுதியின் நெசவூர்கள் பலவும் விசைத்தறி ஊர்களாயின.

விசைத்தறி இடைவிடாது அதிரும் இயந்திரம். அதன் கிராங்க் தண்டு தேயும், புஷ் தளரும், பல்சக்கரத்தின் பல் உடையும். தறி நின்றால் கூலி நிற்கும் என்பதால் பழுதை அன்றே நீக்கியாக வேண்டும். தொலைவிலுள்ள கோவைக்குச் சென்று வர நேரமில்லை. எனவே தறிக்கூடத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் ஒரு கடைசல் இயந்திரம் தேவைப்பட்டது. தேய்ந்த தண்டை மெருகேற்றி, அதன் புதிய அளவுக்கேற்பப் புஷ்ஷைக் கடைந்து பொருத்துவது இப்பட்டறைகளின் அன்றாட வேலை. தேய்ந்த உறுப்பின் உண்மையான அளவை முதலில் கண்டறிந்து, அதற்கு இணையுறுப்பைப் பொருத்தும் இச்சிந்தனைமுறையே உருளைச் சீரமைப்புக்கும் உரியது.

இயந்திரமும் பயிற்சியும் அருகிலிருந்தே கிடைத்தன. 1926-இல் நிறுவப்பட்ட பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம் கோவையில் கடைசல் இயந்திரங்களைச் செய்தது. ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர், பஞ்சாபின் பட்டாலா ஆகிய இடங்களிலிருந்தும் இயந்திரங்கள் இந்தியச் சிறு பட்டறைகளுக்குச் சென்றன. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் அமைந்த தொழிற்பயிற்சி நிலையங்கள் டர்னர், ஃபிட்டர் ஆகிய பிரிவுகளில் இளைஞர்களைப் பயிற்றின. எனினும் பலர் பட்டறையிலேயே சிறுவயதில் சேர்ந்து, கூட்டிப் பெருக்குவதில் தொடங்கி, அலகு தீட்டக் கற்று, பின்னர் சொந்த இயந்திரம் வைத்தனர். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் உழைப்பாளரே உடைமையாளரான போக்கை ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகப் பேசுகிறது. வீட்டுக் கடைசல் பட்டறையையும் அப்போக்கின் ஒரு கிளையாகக் கருதலாம்.

சுற்றுவட்டாரமும் இதற்குத் துணைநின்றது. சங்ககிரி சரக்குந்துகளுக்கும், நாமக்கல் சரக்குந்துக் கூண்டு கட்டுவதற்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை. இப்பெருந்தொழில்களின் நிழலில் மொபெட், மோட்டார் சைக்கிள், தெளிப்பான், சிறு மின்னாக்கி ஆகியவற்றின் எஞ்சின்கள் சிறு பட்டறைகளை வந்தடைந்தன. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1985-இல் எஸ்கார்ட்ஸ் வெளியிட்ட யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் இரட்டை வீச்சு எஞ்சினைப் பரவலாக்கின. 1955 முதல் சென்னையில் உருவான என்ஃபீல்டு புல்லட் நான்கு வீச்சு எஞ்சினின் அடையாளமாயிற்று.

4. தேய்மானத்தை அளத்தல்

எஞ்சின் தேய்ந்துவிட்டது என்பதை உடைமையாளர் அளவுகோலால் அறிவதில்லை. 'இழுவை இல்லை', 'ஆயில் குடிக்கிறது', 'புகை தள்ளுகிறது' என்னும் மூன்று தொடர்கள் வட்டார வழக்கில் நோய்க்குறிகளாக வழங்குகின்றன. மெக்கானிக் அவற்றைக் கேட்டு எஞ்சினைப் பிரிக்கிறார். உருளை மட்டும் தனியே கடைசல் பட்டறைக்குச் செல்கிறது. வண்டிக்காரரும் கடைசல்காரரும் சந்திக்காமலேயே வேலை முடிந்துவிடுவதும் உண்டு. மெக்கானிக், உதிரிபாகக் கடை, கடைசல் பட்டறை என்னும் முத்தரப்புப் பிரிவினையே இத்தொழிலின் அமைப்பு.

உருளை எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை. பிஸ்டன் மேல்முனையை எட்டித் திரும்பும் கணத்தில் அதன் வேகம் சுழியாகிறது. அப்போது வளையத்துக்கும் சுவருக்கும் இடையிலான எண்ணெய்ப் படலம் மெலிகிறது. எரிவாயுவின் அழுத்தமோ அவ்விடத்தில்தான் மிகுதி. ஆகவே மேல்வளையம் திரும்பும் இடத்தில் சுவர் அதிகமாக அரிக்கப்படுகிறது. அதற்கு மேலே வளையம் தொடாத பகுதி தேயாமல் நிற்பதால் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் விளிம்பு ஒன்று உருவாகிறது. மேலிருந்து கீழாகத் துளை சற்றுக் கூம்பு வடிவம் பெறுகிறது.

இரண்டாவது பிறழ்வு நீள்வட்டம். இணைப்புத் தண்டு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன், பிஸ்டன் ஊசிக்குச் செங்குத்தான திசையில் சுவரை அழுத்துகிறது. அத்திசையில் தேய்வு கூடி, வட்டம் வட்டமாக இராமல் போகிறது. எனவே ஒரே இடத்தில் எடுத்த அளவு எதையும் தெரிவிக்காது. மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலுமாக ஆறு அளவுகள் வேண்டும். முகப்பு முள்ளுடைய துளைமானி வாங்க இயலாத பட்டறைகளில் உள் காலிப்பரைத் துளையில் பொருத்தி, அதன் பரப்பை மைக்ரோமீட்டரால் அளப்பர். காலிப்பர் சுவரை உரசும் உணர்வை விரல் அறியப் பல்லாண்டுப் பழக்கம் தேவை. இவ்வுணர்வு எந்தப் பாடநூலிலும் முழுமையாக எழுத இயலாத அறிவு.

5. துளைத்தலும் மெருகேற்றலும்

பெரிய சீரமைப்புக் கூடங்களில் உருளை துளைப்பதற்கெனச் செங்குத்துத் துளைப்பு இயந்திரம் உண்டு. வீட்டுப் பட்டறையில் இருப்பது பொதுப்பயன் கடைசல் இயந்திரம் மட்டுமே. அதைக் கொண்டு இருவழிகளில் உருளையைத் துளைக்கலாம்.

முதல் வழியில் உருளை முகத்தட்டில் பிணைக்கப்பட்டுச் சுழல்கிறது. அலகு நிலையாக நின்று முன்னேறுகிறது. சிறு உருளைக்கு இது எளிது. ஆனால் காற்றுக் குளிர்ச்சிச் செதில்களும் ஒருபக்கக் குழாய்வாய்களும் கொண்ட உருளை சமநிலையின்றிச் சுழன்று அதிரும். அலகுத்தண்டு ஒருமுனையில் மட்டும் தாங்கப்படுவதால் நீண்ட துளையில் வளையவும் கூடும்.

இரண்டாம் வழியில் உருளை கடைசல் இயந்திரத்தின் சறுக்குமேடையில் அசையாமல் பிணைக்கப்படுகிறது. அதன் ஊடே செல்லும் தண்டு இரு முனைகளுக்கிடையே தாங்கப்பட்டுச் சுழல்கிறது. தண்டில் பொருத்திய அலகு எவ்வளவு வெளியே நீட்டியுள்ளதோ அதுவே துளையின் ஆரம். அலகை நூறில் ஒரு மில்லிமீட்டர் நீட்டினால் விட்டம் நூறில் இரண்டு மில்லிமீட்டர் கூடும். சறுக்குமேடை உருளையைச் சுமந்து தண்டுக்கு இணையாக நகர்வதால், நெடுநாள் உழைத்து ஓரளவு தேய்ந்த கடைசல் இயந்திரத்திலும் முனைக்கு முனை ஒரே விட்டமுள்ள துளையைப் பெற இயலும். வில்கின்சன் 1775-இல் கையாண்ட தத்துவம் இதுவே. பழைய இயந்திரத்தின் குறையை வேலையின் அமைப்பால் கடக்கும் இவ்வுத்தி சிறு பட்டறையின் தொழில்நுட்பத் தெளிவைக் காட்டுகிறது.

இறுதி அளவை முடிவு செய்வது பிஸ்டன். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு வெப்பவிரிவு உடையது. குளிர்ந்த நிலையில் போதிய இடைவெளி விடாவிட்டால் சூடேறியதும் பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மேல் இடைவெளி விட்டால் பிஸ்டன் தட்டும், வளையம் விரைந்து தேயும். 50 மி.மீ. துளைக்கு இவ்விடைவெளி பொதுவாக 0.04 முதல் 0.05 மி.மீ. அளவில் அமைகிறது. அச்சிட்ட அளவை நம்பித் துளைப்பதில்லை என்பது நல்ல பட்டறையின் விதி. பிஸ்டனைக் கையில் வாங்கி, அதை அளந்த பிறகே அலகு உருளைக்குள் செல்லும்.

அலகின் தடம் விட்ட சுவர் எண்ணெயைச் சீராகத் தாங்காது. எனவே கடைசிச் சிறு பகுதியை மெருகுக்கற்களைக் கொண்டு தேய்த்தெடுப்பர். கல் சுழன்றுகொண்டே மேலும் கீழும் செல்வதால் சுவரில் குறுக்கும் நெடுக்குமான நுண்கோடுகள் விழுகின்றன. அக்கோடுகளே எண்ணெயைப் பிடித்துவைத்து வளையம் சுவரோடு பொருந்த உதவுகின்றன. கண்ணாடி போன்ற வழவழப்பு இங்குக் குறையாகும்.

இரட்டை வீச்சு உருளைக்கு மேலும் ஒரு வேலை உண்டு. அதன் சுவரிலேயே வாயு வாயில்கள் திறந்துள்ளன. துளைத்தபின் வாயில்களின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகிவிடும். அதை அரத்தால் சற்றுச் சரித்துவிடாவிட்டால் பிஸ்டன் வளையம் அதில் சிக்கி உடையும். சில நிமிட வேலைதான். அதை விட்டுவிட்டால் முழு உழைப்பும் வீணாகும். பின்னர் மணலும் இரும்புத்தூளும் அகல உருளையைச் சோப்பு நீரில் கழுவுவதோடு பட்டறையின் பணி முடிகிறது.

6. மிகையளவு: ஆலைக்கும் பட்டறைக்கும் இடையிலான உடன்படிக்கை

துளையைப் பெரிதாக்கினால் அதற்குப் பொருந்தும் பெரிய பிஸ்டன் கிடைக்க வேண்டும். இத்தேவையை எஞ்சின் செய்த ஆலைகளே முன்கூட்டி எண்ணியிருந்தன. அங்குல மரபைப் பின்பற்றிய எஞ்சின்களுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 40, 60 என்றும், மெட்ரிக் மரபில் வந்தவற்றுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்றும் மிகையளவு பிஸ்டன்கள் படிவரிசையில் வெளிவந்தன. உருளைச் சுவர் அதற்கேற்ற தடிமனோடு வார்க்கப்பட்டது. தேய்மானம் எதிர்பாராத விபத்தாகக் கருதப்படாமல், எஞ்சினின் வாழ்நாளில் முறையாக வரவேண்டிய பருவமாக வடிவமைப்பிலேயே இடம்பெற்றது.

இதன் வரலாற்றுப் பொருள் ஆழமானது. முதல் துளையை ஆலை இட்டது. இரண்டாம், மூன்றாம், நான்காம் துளைகளைச் சிறுநகரப் பட்டறை இட்டது. ஆலை பிஸ்டனையும் அளவையும் வழங்க, பட்டறை துல்லியத்தை வழங்கியது. எழுதப்படாத இவ்வுடன்படிக்கையில் பட்டறை, உற்பத்தியின் இறுதிக் கட்டத்தை ஏற்று நடத்தும் பங்காளியாக இருந்தது. இந்தியச் சிறு பட்டறைத் தொழிலை விளக்க அடிக்கடி எடுத்தாளப்படும் 'ஜுகாட்' என்னும் கருத்து, அதாவது கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றும் சாமர்த்தியம், இங்குப் பொருந்தாது. நூறில் நான்கு மில்லிமீட்டர் இடைவெளியை ஒப்பேற்ற இயலாது. ஒன்று அது சரியாக அமையும், அல்லது எஞ்சின் நின்றுபோகும்.

இந்த உடன்படிக்கையின் தடயம் பொருளிலேயே பதிவாகியுள்ளது. மிகையளவு பிஸ்டனின் தலையில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ஆர்.எக்ஸ். 100-இன் துளையும் வீச்சும் தலா 50 மி.மீ.; கொள்ளளவு 98 க.செ.மீ. ஒரு மில்லிமீட்டர் மிகையளவில் அது 102 க.செ.மீ. ஆகிறது. பதிவுச் சான்றிதழில் எழுதிய எண் மாறாதிருக்க, வண்டி தன் வாழ்நாளில் சிறிதே பெரிதாகிவிடுகிறது.

அளவைமுறை மாற்றமும் இவ்வரலாற்றில் ஓர் அத்தியாயம். 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் கடைசல் இயந்திரங்களின் திருகுகளும் மைக்ரோமீட்டர்களும் ஒரே நாளில் மாறவில்லை. அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது என்பது 0.508 மி.மீ. அதை 0.50 எனக் கொண்டால் 0.008 மி.மீ. வேறுபாடு எழும். மேலே கண்ட இடைவெளியோடு ஒப்பிட்டால் இது ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு. இரு அளவைமுறைகளையும் மனத்தில் ஒருங்கே வைத்து மாற்றிக் கணக்கிடும் திறனைப் பட்டறை தானே வளர்த்துக்கொண்டது.

இறுதி மிகையளவும் தேய்ந்தபின் மற்றொரு வழி இருந்தது. உருளையைப் பெரிதாகத் துளைத்து, அதனுள் வார்ப்பிரும்பு லைனரை இறுக்கமாகச் செலுத்தி, தொடக்க அளவுக்கே மீண்டும் துளைப்பது அது. அலுமினிய உறை கொண்ட உருளையாயின் உறையைச் சூடேற்றி விரியச்செய்து லைனரை இறக்குவர். குளிர்ந்ததும் உறை அதை இறுகப் பற்றிக்கொள்ளும். இவ்வாறு ஓர் உருளை தன் படிவரிசையை முதலிலிருந்து மீண்டும் தொடங்கியது.

7. சான்றுகளின் சிக்கல்

இத்தகைய தொழில் ஏன் வரலாற்றில் இடம்பெறவில்லை என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசையோடு பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தையே தொழிற்சாலையாக வரையறுத்தது. ஒருவரோ இருவரோ உழைக்கும் வீட்டுப் பட்டறை அவ்வரையறைக்கு வெளியே நின்றது. ஆய்வாளர் வருகையும் ஆண்டறிக்கையும் இல்லாததால் ஆவணக் காப்பகத்தில் அதற்குரிய கோப்பும் இல்லை. நெசவுத் தொழிலுக்கு ஆணையங்களும் குழு அறிக்கைகளும் எஞ்சியுள்ளன. தறியையும் எஞ்சினையும் ஓடவைத்த கடைசல் பட்டறைக்கு அவையும் இல்லை.

ஆகவே ஆய்வாளர் வேறு சான்றுகளை நாட வேண்டும். பிஸ்டன் தலையில் பொறித்த எண், உருளையின் வெளிப்புறத்தில் பட்டறைக்காரர் குத்திய அடையாளம், பில் புத்தகத்தின் அடிக்கட்டை, உதிரிபாகக் கடையின் இருப்பேடு, கடைசல் இயந்திரத்தில் பதித்த ஆலைப் பெயர்த்தகடு ஆகியவை முதன்மைச் சான்றுகளாகும். பேச்சு வழக்கும் ஒரு சான்றே. கலைச்சொல் அகராதிகள் உருளை, உந்துதண்டு என வழங்க, பட்டறை சிலிண்டர், பிஸ்டன், போர், லைனர் என்றே வழங்குகிறது. அக்கடன்சொற்கள் தமிழ் வினைகளோடு சேர்ந்து தனித்த தொழில்மொழியாக நிலைபெற்றுள்ளன. அம்மொழியை அறிந்தோர் முதுமையெய்தி வரும் நிலையில் வாய்மொழி வரலாற்றுப் பதிவு விரைந்து மேற்கொள்ளத்தக்கது.

8. உடன்படிக்கையின் தளர்வு

கடந்த கால்நூற்றாண்டில் இத்தொழிலின் அடித்தளம் மாறியுள்ளது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் இரட்டை வீச்சு வாகனங்கள் சந்தையிலிருந்து விலகின. மொபெட்டும் 2015-இல் வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வழியாக நான்கு வீச்சுக்கு மாறியது. காற்றுத் தூய்மைக்கு இம்மாற்றம் தேவையானது என்பதில் ஐயமில்லை. நான்கு வீச்சு எஞ்சின் நெடுநாள் உழைப்பதும் உண்மை.

வடிவமைப்பில் நேர்ந்த மற்றொரு மாற்றம் பட்டறையை நேரடியாகத் தொட்டது. ஜெர்மனியின் மாஹ்லே நிறுவனம் 1960-களில் உருவாக்கிய நிக்கல், சிலிக்கான் கார்பைடு பூச்சு, வார்ப்பிரும்பு லைனரே இல்லாத அலுமினிய உருளைக்கு வழிதிறந்தது. 2008-இல் இந்தியாவில் வெளிவந்த யமஹா ஆர். 15-இன் உருளை, சிலிக்கான் மிகுந்த அலுமினியக் கலவையால் லைனரின்றி வார்க்கப்பட்டது. இத்தகைய உருளைகள் இலகுவானவை, வெப்பத்தை விரைந்து கடத்துபவை, மெதுவாகத் தேய்பவை. ஆனால் கடைசல் அலகு இவற்றை வழக்கமான முறையில் மீட்க இயலாது. பூச்சுக்கு அப்பால் மிகையளவுக்கு இடமில்லை. பழுதானால் உருளையும் பிஸ்டனும் சேர்ந்த தொகுப்பையே புதிதாக வாங்க வேண்டும்.

இதன் விளைவு ஒரு வேலை குறைந்ததோடு நிற்பதில்லை. உடன்படிக்கையின் ஒரு தரப்பு வெளியேற்றப்படுகிறது. துல்லியம் மீண்டும் ஆலைக்குள் குவிகிறது. சிறுநகரத்தின் பங்கு பெட்டியைப் பிரித்துப் பொருத்துவதாகச் சுருங்குகிறது. உடைமையாளர் செலுத்தும் தொகையில் உள்ளூர் உழைப்புக்குச் சேரும் பகுதி குறைந்து, உறுப்பின் விலையாகச் சேரும் பகுதி கூடுகிறது. கடைசல் இயந்திரம் தறிப்பழுதுக்காக இயங்கிக்கொண்டிருந்தாலும், உருளை துளைக்கும் விரலுணர்வு அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் வாய்ப்பு அருகிவருகிறது.

2022-இல் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமை குறித்துக் குழு அமைத்து, அவ்வாண்டின் இறுதியில் அதற்கென இணையத்தளம் ஒன்றைத் தொடங்கியது. வேளாண் கருவிகளும் வாகனங்களும் அதன் வரம்பில் அடங்கும். உதிரிபாகம், கையேடு ஆகியவற்றை நுகர்வோர் பெறுவதே அம்முயற்சியின் மையம். மிகையளவு பிஸ்டனின் வரலாறு அவ்விவாதத்துக்கு மேலும் ஒரு கேள்வியைச் சேர்க்கிறது. கையேடு கிடைத்தாலும் வடிவமைப்பு மீட்புக்கு இடம் தராவிட்டால் உரிமைக்கு என்ன பொருள் என்பதே அக்கேள்வி.

முடிவுரை

குமாரபாளையம் போன்ற நெசவு நகரத்தில் உருளைச் சீரமைப்பு தற்செயலாக முளைத்த தொழிலன்று. கிணற்றுப் பாசனம் எஞ்சினைக் கொண்டுவந்தது. விசைத்தறி கடைசல் இயந்திரத்தை நிலைநிறுத்தியது. இருசக்கர வாகனம் அவ்விரண்டையும் இணைத்தது. மிகையளவு பிஸ்டன் என்னும் ஏற்பாடு ஆலையின் துல்லியத்தில் சிறுநகரத்துக்குப் பங்கு வழங்கியது. அப்பங்கைப் பட்டறைகள் நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் நிறைவேற்றின.

இத்தொழிலை எண்ணெய்க் கறைபடிந்த துணைத்தொழிலாக ஒதுக்கிவிட்டுத் தமிழகத் தொழில்மயத்தின் வரலாற்றை எழுதினால் அது உற்பத்தியான நாளோடு நின்றுவிடும் வரலாறாகவே அமையும். இயந்திரங்கள் அதன்பின் பல பத்தாண்டுகள் உழைத்தன. அவ்வுழைப்பு எத்தனை கைகளால் நீட்டிக்கப்பட்டது என்பதை இன்னும் கேட்டறியக்கூடிய காலம் இருக்கிறது. பில் அடிக்கட்டைகள் பழைய காகிதமாகவும், கடைசல் இயந்திரங்கள் பழைய இரும்பாகவும் எடைக்குப் போகும் முன் அவற்றைப் பதிவுசெய்வது இத்துறை ஆய்வாளர்முன் உள்ள உடனடிக் கடமையாகும்.